"ஆவன செய்யப்படும்" என்று எழுதிக் கொடுத்தால்

கடைமடைக் கிராமம் ஒன்றிலிருந்து ஆறேழு பேர் என் அலுவலகத்துக்கு வந்திருந்தார்கள். வாய்க்கால் தூர்வாராததால் சாலை மறியல் செய்திருக்கிறார்கள். அதிகாரி வந்து பேசி, எழுதியும் கொடுத்துவிட்டார். பெரியவர் ஒருவர் மடியிலிருந்து அந்தத் தாளை எடுத்து மேசையில் விரித்தார். நான்கே வரிகள். கடைசி வரி: "ஆவன செய்யப்படும்." யார் செய்வது, எந்தத் தேதிக்குள், எவ்வளவு தூரத்துக்கு, ஒன்றும் இல்லை. மறியல் செய்த பன்னிரண்டு பேர்மீது போட்ட வழக்கில் மட்டும் பெயர், தேதி, பிரிவு எல்லாம் கச்சிதமாக இருந்தன.

டெல்டாவில் வழக்கறிஞராக இருப்பவனுக்கு இந்தத் தாள் பழக்கமானது. போராட்டக் குழு என்றதும் பந்தலும் கோஷமும் நினைவுக்கு வருகின்றன. அவையும் வேண்டும்தான்; கூட்டம் கூடாவிட்டால் அதிகாரி அந்தப் பக்கம் வரவே மாட்டார். ஆனால் பந்தலைப் பிரித்த பிறகும் கோரிக்கையைக் கைவிடாமல் பிடித்திருப்பவர்களைத்தான் நான் குழு என்பேன். கட்சி ஆட்சியைப் பிடிக்கப் பார்க்கும். குழுவுக்கு, ஆட்சியில் யார் இருந்தாலும் தன் காரியம் நடக்க வேண்டும்.

காவிரி வழக்கையே பாருங்கள். 1983இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது நம் விவசாயிகள் சங்கம் ஒன்று. நடுவர் மன்றம் அமைந்தது 1990இல். இறுதித் தீர்ப்பு 2007. அது அரசிதழில் ஏற 2013. மேலாண்மை ஆணையம் வர 2018. ஒவ்வொரு படியிலும் தெருவில் ஆள் நின்றார்கள், நீதிமன்றத்தில் காகிதம் நின்றது. மனு போட்ட தலைமுறையில் பலர் ஆணையத்தைப் பார்க்காமலேயே போய்விட்டார்கள்.

நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் 2017இல் மக்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். நிலத்தடியிலிருந்து எண்ணெய், எரிவாயு எடுக்கும் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராகக் கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். தீர்மானம் மட்டும் ஒரு திட்டத்தை நிறுத்திவிடாது. "ஊரில் எதிர்ப்பே இல்லை" என்று யாரும் சொல்ல முடியாதபடி செய்துவிடும். 2020இல், டெல்டாவில் இத்தகைய புதுத் திட்டங்களைத் தடுக்கும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. பட்டாசு வெடித்துக் கொண்டாடியவர்களிடம், ஏற்கெனவே இயங்கும் எண்ணெய், எரிவாயுக் கிணறுகளை அது தொடாது என்று சொன்னபோது என்மீது கோபப்பட்டார்கள்.

ஆயுதமின்றி அமைதியாகக் கூடுவது அரசியலமைப்பின் 19ஆவது கூறு தரும் உரிமை. காவல்துறை அனுமதி மறுத்தால், அந்த மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உயர் நீதிமன்றத்துக்குப் போக அதுதான் பிடிமானம். தஞ்சாவூர்க்காரர் என்றால் மதுரைக் கிளை, திருவாரூர் என்றால் சென்னை. சாலை மறியல் வேறு கதை; வழக்கு விழும், வழக்கு இருந்தால் பாஸ்போர்ட் சிக்கலாகும். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்திருக்கும் பையனை முன்வரிசையில் உட்கார வைக்காதீர்கள். பல வீடுகளில் இதைச் சொல்லியிருக்கிறேன், பாதிப் பேர்கூடக் கேட்பதில்லை.

தாளில் என்னென்ன இருக்க வேண்டும் என்று நான் சொன்னதை அந்தப் பெரியவர் கேட்டுக்கொண்டார். அடுத்த பேச்சுவார்த்தையில் வாய்க்காலின் பெயர், நீளம், முடிக்க வேண்டிய தேதி, பொறுப்பான பொறியாளரின் பதவி எல்லாவற்றையும் எழுத வைத்திருக்கிறார். அதிகாரி மறுபடியும் "ஆவன" என்று ஆரம்பித்ததும், "ஐயா, அந்த வார்த்தை வேண்டாம்" என்று பேனாவுக்குக் குறுக்கே கையை வைத்தாராம். பொக்லைன் சொன்ன தேதிக்கு நான்கு நாள் கழித்து வந்தது. வழக்கு இன்னும் முடியவில்லை. வாய்தா நாளில் பன்னிரண்டு பேரும் ஒரே வேனில் வந்து இறங்குகிறார்கள்.