கரண்ட் போனால் தடுப்பூசி கெட்டுவிடுமா?

புயல் அடித்து ஊரே இருளில் கிடந்தால், கரண்ட் வந்த மறுவாரம் தவறாமல் ஒரு கேள்வி கிளம்பும். ஆரம்ப சுகாதார நிலையத்து ஃபிரிட்ஜில் இருந்த தடுப்பூசி இந்நேரம் கெட்டுப்போயிருக்காதா? புதன்கிழமை போய்க் குழந்தைக்கு அதைப் போட்டுக்கொள்ளலாமா, செலவானாலும் சரியென்று தனியார் மருத்துவமனைக்குப் போய்விடலாமா?

போட்டுக்கொள்ளலாம். சூட்டில் கெட்டிருந்தால் குப்பியே காட்டிக்கொடுக்கும். அது எப்படி என்று பிறகு பார்ப்போம். அதற்கு முன் கேள்வியைச் சற்றுத் திருத்தவேண்டும். சூடு பட்டுக் கெடுவதைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறோம். ஆனால் அரசுத் திட்டத்தில் போடப்படும் தடுப்பூசிகளில் பாதிக்கு மேல் குளிர் தாங்காதவை. ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசியான பென்டா, ஹெபடைடிஸ்-பி, தொண்டை அடைப்பான், கக்குவான், டெட்டனஸுக்கான டி.பி.டி., டி.டி., நிமோனியாவுக்கான பி.சி.வி., ஊசியாகப் போடும் போலியோ மருந்து ஆகிய எதுவும் ஒருமுறை உறைந்தால் குப்பைக்குத்தான். சூடு பட்டதற்குக் குப்பியின் மேலேயே அடையாளம் இருக்கும். குளிர் பட்டதற்கு அப்படி ஒன்றும் இருக்காது. சிக்கலே அங்கேதான்.

இந்தியாவில் விரிவுபடுத்தப்பட்ட தடுப்பூசித் திட்டம் 1978இல் தொடங்கியது. 1985இல் அது அனைவருக்குமான திட்டமாக மாறியது. ஆண்டுக்கு இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு இலவசம். பிறந்த அன்று காசநோய்க்கான பி.சி.ஜி., போலியோ சொட்டு, 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ்-பி, பிறகு 6, 10, 14 வாரங்கள், 9 மாதம், ஒன்றரை வயது, 5 வயது, 10, 16 வயதுகள். அட்டவணை அட்டையிலேயே இருக்கும் என்பதால் அதை விட்டுவிடுவோம். சுகாதார நிலையத்துக்கு வந்தபிறகு இவை எல்லாவற்றுக்கும் பொதுவான விதி ஒன்றுதான்: 2 முதல் 8 டிகிரி செல்சியஸ்.

அந்த ஆறு டிகிரி இடைவெளியைக் காப்பது வீட்டு ஃபிரிட்ஜ் அல்ல, ஐ.எல்.ஆர். என்ற மேல்மூடிப் பெட்டி. சுவருக்குள் சுற்றிலும் தண்ணீர் உறைந்து பனிக்கட்டியாக நிற்கும். கரண்ட் போனால் அந்தப் பனிக்கட்டி உருகி உருகிக் குளிரைக் காக்கும். ஒரு நாளில் எட்டு மணி நேரம் தொடர்ந்து மின்சாரம் வந்தாலே போதும் என்ற கணக்கில் செய்யப்பட்டது இது. மூடியை மேல்பக்கம் வைத்ததற்கும் காரணம் உண்டு. குளிர்ந்த காற்று கனமானது, அடியில் தங்கும். வீட்டு ஃபிரிட்ஜின் கதவைத் திறந்தால் குளிர் காலடியில் கொட்டிவிடும். இதைத் திறந்தால் அப்படியே உள்ளே கிடக்கும். அதனால்தான் குளிர் தாங்காத குப்பிகளை ஐ.எல்.ஆரின் தரையில் வைக்கக்கூடாது, மேலே கூடையில்தான் வைக்கவேண்டும் என்று ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அடியில் வைக்கலாம் என்றால் போலியோ சொட்டையும் தட்டம்மை-ரூபெல்லாவுக்கான எம்.ஆரையும் வைக்கலாம். காலை, மாலை இருவேளையும் வெப்பநிலையைக் குறிக்கவேண்டும். ஞாயிறும் பண்டிகையும் விலக்கல்ல.

சூட்டை உளவு பார்ப்பது குப்பியின் லேபிளில் இருக்கும் சின்ன வட்டம். ஊழியர்கள் அதை வி.வி.எம். என்பார்கள். நிறமுள்ள வட்டத்துக்குள் வெளிறிய சதுரம். சதுரத்தில் பூசியிருப்பது டைஅசிட்டிலீன் வகை வேதிப்பொருள். நிறமற்ற அதன் சிறு மூலக்கூறுகள் வெப்பத்தில் ஒன்றோடொன்று கைகோத்து நீண்ட சங்கிலியாகின்றன. சங்கிலி உருவாக உருவாக ஒளியை உறிஞ்சி நிறம் ஏறுகிறது. திரும்பக் குளிரில் வைத்தாலும் சங்கிலி அறாது, ஏறிய நிறம் இறங்காது. அதாவது இது இந்த நிமிடத்தின் வெப்பத்தைக் காட்டும் தெர்மாமீட்டர் அல்ல. தொழிற்சாலையிலிருந்து இன்றுவரை பட்ட வெப்பத்தையெல்லாம் கூட்டி வைத்திருக்கும் கணக்குப் புத்தகம். சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் போடலாம். இரண்டும் ஒரே நிறமாகிவிட்டாலோ சதுரம் அடர்ந்துவிட்டாலோ எறியவேண்டும்.

எல்லாத் தடுப்பூசிக்கும் ஒரே வேதிக்கலவை ஒட்டுவதில்லை. வி.வி.எம்.-2 என்றால் 37 டிகிரியில் இரண்டே நாளில் முடிவு நிறத்தைத் தொடும். சூட்டுக்கு மிக எளிதில் கெடும் போலியோ சொட்டுக்கு இது. 1996இல் முதன்முதலாக ஒட்டப்பட்டதும் போலியோ சொட்டுக் குப்பியில்தான். வி.வி.எம்.-30க்கு 37 டிகிரியில் 30 நாள், 25 டிகிரியில் 193 நாள், 5 டிகிரியில் நான்கு ஆண்டுக்கு மேல். 25க்கும் 37க்கும் பன்னிரண்டு டிகிரிதான் வித்தியாசம், வினையின் வேகமோ ஆறு மடங்குக்கு மேல் கூடுகிறது! ஹெபடைடிஸ்-பி போன்ற உறுதியான தடுப்பூசிக்கு ஒட்டுவது இந்த வகை. ஒரு நாள் கரண்ட் போனதால் அதற்கு ஆபத்து வந்துவிடாது.

ஆபத்து பெரும்பாலும் பதறியடித்து எடுக்கும் நடவடிக்கையில் வருகிறது. கரண்ட் இல்லையென்று குப்பிகளை அள்ளி, டீப் ஃப்ரீசரில் இருந்து அப்போதே எடுத்த ஐஸ் பேக்குகளுக்கு நடுவே அடுக்கிவிடுவது ஒன்று. கோடையில் குளிர் போதவில்லையோ என்று தெர்மோஸ்டாட்டைத் திருகிவிட்டு, இரவில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போனதை யாரும் பார்க்காமல் விடுவது இன்னொன்று. ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி ஏறக்குறைய -0.5 டிகிரியிலேயே உறையும். பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளிவந்த மதிப்பீட்டில், சேமிப்பின்போது தடுப்பூசிகள் உறைநிலைக்குக் கீழான குளிரில் அகப்பட்ட விகிதம் மூன்றில் ஒன்றுக்கு அருகே இருந்தது. பணக்கார நாடு, ஏழை நாடு என்ற வித்தியாசம் அதில் பெரிதாக இல்லை.

உறைந்தால் என்ன ஆகிறது? இதில்தான் நல்ல இயற்பியல் இருக்கிறது.

பென்டா, டி.பி.டி., ஹெபடைடிஸ்-பி குப்பிகளைக் குலுக்கினால் பால்போல் கலங்கும். கலங்க வைப்பது அலுமினிய உப்பு. 1926இல் இங்கிலாந்தில் கிளென்னி என்ற ஆய்வாளரும் உடன் பணியாற்றியவர்களும் கண்டுபிடித்த வித்தை இது: தொண்டை அடைப்பான் கிருமியின் நஞ்சு நீக்கிய புரதத்தை வெறுமனே ஊசியில் ஏற்றுவதைவிட, அலுமினிய உப்பில் ஒட்டவைத்து ஏற்றினால் உடலின் எதிர்ப்பு பலமாகக் கிளம்புகிறது. அந்த உப்பு, சில மைக்ரோமீட்டர் அளவுள்ள துகள்களாக நீரில் மிதக்கிறது. துகள்களின் மேற்பரப்பில் எல்லாம் ஒரே வகை மின்னூட்டம். ஒன்றையொன்று தள்ளிக்கொள்வதால் ஒட்டிக்கொள்ளாமல், மெதுவாகப் படிகின்றன.

இப்போது தண்ணீர் உறையத் தொடங்குகிறது. பனிப்படிகம் தன் அடுக்குக்குள் தண்ணீர் மூலக்கூறைத் தவிர வேறெதையும் சேர்ப்பதில்லை. உப்பு, புரதம், அலுமினியத் துகள் எல்லாவற்றையும் வெளியே தள்ளிக்கொண்டே வளர்கிறது. தள்ளப்பட்டவை படிகங்களுக்கு இடையிலான குறுகிய இடுக்குகளில் நெரிபடுகின்றன. அங்கே உப்பின் செறிவு எகிறுகிறது. கரைந்த உப்பின் அயனிகள் துகள்களின் மின்னூட்டத்தை மறைக்கின்றன. தள்ளிநிற்கும் விசை போய்விடுகிறது. நெருக்கமும் சேர்ந்துகொள்ள, துகள்கள் கட்டிகட்டியாக ஒட்டிக்கொள்கின்றன. பனி உருகினாலும் கட்டிகள் பிரிவதில்லை, திரிந்த பால் மறுபடி பாலாகாததைப்போல. புரதம் பரந்திருந்த மேற்பரப்பு சுருங்கிவிட்டது. தடுப்பூசியின் வீரியம் குறையும், ஊசி போட்ட இடத்தில் கிருமியில்லாத சீழ்க்கட்டி வரவும் இடமுண்டு.

உருகிய குப்பியைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் குலுக்கி வைத்தால் தெரிந்துவிடும். திரவத்தில் துகள் படியும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அடர்த்தி மாறாதென்று வைத்துக்கொண்டால், பத்து மடங்கு பெருத்த கட்டி நூறு மடங்கு வேகத்தில் அடியில் விழும். பள்ளிக்கூடத்தில் படித்த ஸ்டோக்ஸ் விதிதான். மைக்ராஸ்கோப் இல்லாமல், மேசைமேல் வைத்தே பிடித்துவிடலாம்.

குலுக்கல் சோதனையின் செய்முறை இது. சந்தேகத்துக்குரிய குப்பியோடு ஒப்பிட, அதே தடுப்பூசியில், அதே நிறுவனத்தின், அதே தொகுதி எண்ணுள்ள இன்னொரு குப்பியை எடுத்து ‘உறைந்தது’ என்று எழுதி இரவு முழுக்க டீப் ஃப்ரீசரில் வைத்துக் கல்லாக உறையவிடவேண்டும். மறுநாள் வெளியே எடுத்துத் தானாக உருகவிடவேண்டும். அவசரப்பட்டு வெந்நீரில் போடக்கூடாது. பிறகு இரண்டு குப்பிகளையும் ஒரே கையில் சேர்த்துப் பிடித்து 10 முதல் 15 விநாடி பலமாகக் குலுக்கி, சமதளத்தில் அருகருகே வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே அரைமணி நேரம்வரை பார்க்கவேண்டும். உறையவைத்த குப்பி சீக்கிரம் தெளிந்து, மற்றது இன்னும் கலங்கலாக இருந்தால் அது நல்ல குப்பி. இரண்டும் ஒரே வேகத்தில் படிந்தாலோ, சந்தேகக் குப்பி முந்திக்கொண்டாலோ எறியவேண்டியதுதான். எட்டு வகைத் தடுப்பூசிகளின் 475 குப்பிகளில் இதைச் சரிபார்த்த முடிவு 2010இல் வெளியானது. கண்ணால் சொன்ன தீர்ப்பும் மைக்ராஸ்கோப் காட்டியதும் ஒரு குப்பியில்கூட முரண்படவில்லை. காசில்லாமல் செய்யும் சோதனைக்கு இதைவிட நற்சான்று கிடைக்காது.

தவறு நேரும் இடங்களும் உண்டு. வேறு நிறுவனத்தின் குப்பியோடு ஒப்பிட்டால் சோதனை செல்லாது; துகளின் அளவே வேறாக இருக்கும். ஊசிப் போலியோ மருந்தில் அலுமினியமே இல்லை, அதற்கும் இந்தச் சோதனை பொருந்தாது. உறைந்ததாகச் சந்தேகம் வந்தாலே எறியவேண்டும். கல்லாக உறைந்து கிடப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு குலுக்கிப் பார்க்க அவசியமில்லை.

இத்தனையும் வராமல் தடுக்க ஐஸ் பேக்கை ‘வியர்க்கவிட்டு’ வைக்கச் சொல்கிறது ஊழியர்களுக்கான கையேடு. ஃப்ரீசரிலிருந்து எடுத்து மேசைமேல் பரப்பி, மேலே நீர்த்துளி பூத்து, காதருகே ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும்வரை காத்திருக்கவேண்டும். அதன்பிறகுதான் முகாமுக்கு மருந்தை எடுத்துச்செல்லும் வேக்சின் கேரியர் பெட்டியில் நான்கு பக்கமும் செருகவேண்டும். ‘அதற்குள் குளிர் போய்விடுமே’ என்று தயங்குபவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. 400 கிராம் பனிக்கட்டி -20லிருந்து 0 டிகிரிக்கு வர ஏறத்தாழ 17 கிலோஜூல் வெப்பம் போதும். அதே பனிக்கட்டி 0 டிகிரியிலேயே நின்று முழுவதும் உருக 134 கிலோஜூல் வேண்டும். காத்திருப்பதால் இழப்பது மொத்தத்தில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு. கிடைப்பதோ, தண்ணீரும் பனிக்கட்டியும் கூடவே இருக்கும்வரை பூஜ்யத்துக்குக் கீழே போகவே முடியாத ஐஸ் பேக். இப்போது ஐஸ் பேக்குக்கும் குப்பிக்கும் நடுவே தடுப்புச் சுவர் வைத்த, காத்திருக்கத் தேவையில்லாத கேரியர்களும் வந்துவிட்டன. எல்லா ஊருக்கும் அவை போய்ச்சேரும்வரை அந்தச் சலசலப்புச் சத்தம்தான் நம்பகமானது.

திறந்த குப்பிக்கு விதி வேறு. பென்டா, டி.பி.டி., டி.டி., ஹெபடைடிஸ்-பி போன்ற திரவத் தடுப்பூசிகளில் கிருமித்தடுப்பான் சேர்த்திருப்பார்கள். திறந்த தேதியையும் நேரத்தையும் குப்பியில் எழுதி, முறையாகக் குளிரில் வைத்தால் 28 நாள்வரை பயன்படுத்தலாம். நீரில் கலக்கிப் போடும் எம்.ஆர்., பி.சி.ஜி. தூளில் அதைச் சேர்க்கமுடியாது. உள்ளே இருக்கும் உயிருள்ள கிருமியையும் அது கொன்றுவிடும். கலக்கிய பிறகு அது பாக்டீரியாவுக்கு வசதியான இடம். ஆகவே நான்கு மணி நேரம், அல்லது அன்றைய முகாம் முடியும்வரை, எது முந்துகிறதோ அதுவரைதான். தெற்கு சூடானின் கப்போயெட்டாவில் 2017இல் நடந்த தட்டம்மை முகாமில், கலக்குவதற்கு ஒரே சிரிஞ்சை நான்கு நாள் பயன்படுத்தினார்கள், மருந்தும் குளிரில் இல்லை. 15 குழந்தைகள் இறந்தார்கள். கலக்கும் நீரையும் 24 மணி நேரம் முன்னதாகவே ஐ.எல்.ஆரில் வைத்துக் குளிரவைப்பது, ஒவ்வொரு குப்பிக்கும் புதிய சிரிஞ்சு, அந்தந்தத் தடுப்பூசியோடு வந்த நீர் மட்டும் என்ற மூன்றும் கட்டாயம்.

ஊசி போட்ட இரவில் காய்ச்சல் வந்தால் ‘ஊசி கெட்டுப்போயிருக்கு’ என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பென்டாவில் இருப்பது முழு உடலுள்ள கக்குவான் கிருமி. அதை உடல் எதிர்க்கும்போது காய்ச்சல் வரும். ‘வலிக்காத ஊசி’ என்று தனியாரில் போடப்படுவது அந்தக் கிருமியின் சில புரதங்களை மட்டும் கொண்டது. காய்ச்சல் குறைவு, ஆனால் அது தரும் பாதுகாப்பு சீக்கிரம் தேய்கிறது. இலவசம் என்பதால் மட்டம் என்ற எண்ணத்துக்கு இந்த இடத்தில் ஆதாரமே இல்லை.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. செங்கல்பட்டில் பல நூறு கோடி ரூபாயில் கட்டிய ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம் உற்பத்தி தொடங்காமலே கிடந்தது. 2021இல் அதை மாநிலத்துக்குக் குத்தகைக்குத் தாருங்கள் என்று முதலமைச்சர் பிரதமருக்கு எழுதவேண்டியிருந்தது. கட்டடத்துக்குக் கிடைக்கும் பணம், ஐ.எல்.ஆரைப் பழுதுபார்க்கும் மெக்கானிக்குக்கும் ஜெனரேட்டர் டீசலுக்கும் அதே வேகத்தில் கிடைக்கவேண்டும் என்பது என் கருத்து. உருப்படியாக நடந்தது ஒன்று உண்டு: 2015 முதல் பரவிய ஈவின் திட்டம். ஐ.எல்.ஆருக்குள் இருக்கும் உணரி வெப்பநிலை எல்லை தாண்டினால் பொறுப்பாளரின் செல்போனுக்குச் செய்தி அனுப்புகிறது. 8க்கு மேல் ஏறினாலும் சரி, 2க்குக் கீழே இறங்கினாலும் சரி.

ஆக, புயலுக்கு மறுவாரம் ஊசி போடப் போகும்போது செவிலியரிடம் குப்பியைக் காட்டச் சொல்லிச் சதுரத்தைப் பார்க்கலாம். திறந்த குப்பியென்றால் எழுதியிருக்கும் தேதியைப் பார்க்கலாம். எம்.ஆர்., பி.சி.ஜி. குப்பிகளில் லேபிளில் தேடாதீர்கள்: வட்டம் மூடியிலோ குப்பியின் கழுத்திலோ இருக்கும், திறந்தவுடன் அதுவும் போய்விடும். கேட்க நினைத்தால் மூடியைப் பிரிப்பதற்கு முன்னால் கேளுங்கள்.