மாஸ்டரோடு ஓடிய மலைவீதி

மாஸ்டருக்கு இந்த வருடம் எழுபது வயது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குப் படித்துக்கொடுத்தவர், என்னை நெடுந்தூர ஓட்டத்துக்குக் கொண்டுவந்தவர். காசல்ரி நீர்த்தேக்கத்தை ஒட்டிப் போகும் நோர்வூட் வீதியில் காலை முதல் பஸ்ஸில் போகிறவர்கள் அவரைப் பார்த்திருப்பார்கள். வேகமாக ஓடமாட்டார், ஆனால் லேசில் நிற்கவும் மாட்டார். அவரைக் கொண்டாடத்தான் இதை எழுதுகிறேன். நான் இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்). ஐம்பது தாண்டினால் ஓட்டம் ஆகாது என்று நம்பிக்கொண்டு கிளினிக்குக்கு வருகிறவர்களை நிறையப் பார்ப்பதால், அவர் எப்படி ஓடுகிறார் என்பதையும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அவர் எனக்கு அறிமுகமானதே நோயாளியாகத்தான். குதிகாலுக்கு மேலே இருக்கும் தடித்த அக்கிலிஸ் நாணில் வலி. காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் சில அடிகள் குத்தும், நடக்க நடக்கக் குறையும், ஓடிவிட்டு வந்து உட்கார்ந்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும். அந்த வயதில் வருகிறவர்கள் பெரும்பாலும் "இனிமே படி ஏறலாமா?" என்றுதான் கேட்பார்கள். மாஸ்டர் கேட்டது, "தம்பி, மறுபடி எப்போ ஓடலாம்?"

அவருக்கு நான் சொல்லிக்கொடுத்தது, சுவீடன் நாட்டு வைத்தியர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் 1998இல் வெளியிட்ட பயிற்சி. படியின் விளிம்பில் முன்பாதத்தில் நிற்க வேண்டும். இரண்டு காலாலும் எழும்பி, பாரத்தை வலிக்கிற காலுக்கு மாற்றி, குதிகாலைப் படிக்குக் கீழே மெதுவாக இறக்க வேண்டும். முழங்காலை நேராக வைத்து 15 தடவை, அப்படி மூன்று முறை. முழங்காலைக் கொஞ்சம் மடக்கி அதேபோல மூன்று முறை. காலையிலும் மாலையிலும், 12 வாரத்துக்கு. ஒரு நாளைக்கு 180 தடவை ஆகிறது. பலர் இரண்டாவது வாரத்தோடு விட்டுவிடுவார்கள். மாஸ்டர் சதுரக் கோட்டுக் கொப்பியில் ஒவ்வொரு நாளுக்கும் கட்டம் போட்டு, 12 வாரத்தையும் நிரப்பிக் கொண்டுவந்து காட்டினார். தேத்தண்ணிக்குத் தண்ணி கொதிக்கிற நேரத்தில் குசினி வாசற்படியில் நின்று செய்தாராம். நாண் நோவுக்கு ஊசி, தைலம், கட்டு என்று அலைகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நாணுக்கு வேண்டியது படிப்படியாக ஏற்றும் பாரமும் பல வாரப் பொறுமையும்.

கால் சரியானதும் அவர் என்னிடம் சொன்னார்: "கால் எப்படி வேலை செய்யுதுன்னு நீங்க படிச்சிருக்கீங்க. ஒரு நாள் கூட வந்து பாருங்களேன்." போனேன். ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. அவர் பேரப்பிள்ளையின் பரீட்சை, மரக்கறி விலை என்று பேசிக்கொண்டே வந்தார். "பேச முடியலன்னா அது நமக்குக் கூடின வேகம், தம்பி. குறைங்க." இதையே நாங்கள் பேச்சுச் சோதனை என்று படிக்கிறோம். முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் ஓடினால் உடம்புக்கு அது நடுத்தரமான உழைப்பு. இதயமும் தசையும் அந்த வேகத்தில்தான் நிதானமாகப் பலப்படும். புதிதாக ஓடத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது முதல் வாரமே மூச்சு முட்ட ஓடுவதால்தான். இரண்டு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடந்தாலும் அது ஓட்டம்தான். உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவு, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் நடுத்தர உழைப்பு. அதில் இப்படி நடந்து நடந்து ஓடுவதும் சேரும்.

கொழும்பிலிருந்து வருகிறவர்கள் இங்கே ஓடினால் சீக்கிரம் களைத்துப்போவார்கள். ஹட்டன் கடல்மட்டத்துக்கு மேலே சுமார் 1,270 மீற்றர், நுவரெலியா 1,868 மீற்றர். நுவரெலியாவில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய 80 வீதம்தான், ஒவ்வொரு மூச்சிலும் ஒட்சிசனும் அந்த அளவுக்குக் குறைவு. அதை ஈடுகட்டச் சிறுநீரகம் சுரக்கும் ஒரு ஹோர்மோன் சிவப்பணுக்களைக் கூட்டும். நெடுந்தூர வீரர்கள் செலவழித்து மலைக்குப் போய்ப் பயிற்சி எடுப்பது இதற்காகத்தான். நமக்கு அது பிறந்த இடத்திலேயே கிடைத்திருக்கிறது. மலையகத்திலிருந்து போய்த் தேசிய மட்டத்தில் 10,000 மீற்றரில் வென்ற குமார் சண்முகேஸ்வரனைப் பார்க்கும்போது எனக்கு இந்த நினைப்பு வரும்.

ஆனால் இரத்தத்தில் இரும்புச்சத்து இல்லாவிட்டால் உயரத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை. தோட்டப் பகுதியில், முக்கியமாகப் பெண்களிடம், இரத்தச்சோகை அதிகம். சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிப்பது நம் பழக்கம். தேயிலையில் இருக்கும் பொருட்கள் கீரை, பருப்பு போன்றவற்றில் உள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள விடாது. ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள். காரணமில்லாமல் களைப்பாக இருந்தால் முதலில் இரத்தத்தைப் பரிசோதியுங்கள், அப்புறம் ஓடலாம்.

"ஓடினா முட்டி தேஞ்சிடும்" என்று எல்லாரும் சொல்கிறார்கள். 2017இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், உடல்நலத்துக்காக ஓடுகிறவர்களில் இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் 3.5 வீதம் பேரிடம் இருந்தது. ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களிடம் 10.2 வீதம். போட்டிக்காகக் கடுமையாக ஓடுகிறவர்களிடம் 13.3 வீதம். நிதானமாக ஓடுகிறவர்களிடம்தான் தேய்மானம் ஆகக் குறைவு. மாஸ்டர் ஓடுவது அந்த விதம். ஏற்கெனவே மூட்டு வீங்கியிருப்பவர்கள் முதலில் காட்டிவிட்டுத் தொடங்க வேண்டும், அது வேறு கதை.

மலையில் நாம் பயப்பட வேண்டியது இறக்கத்துக்குத்தான். சிவனொளிபாத மலைக்கு டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் போயா வரை சனம் போகும். அந்த மாதங்களில் கிளினிக்கில் ஒரே மாதிரிக் கதை கேட்பேன். ஏறும்போது ஒன்றும் இல்லையாம், நல்லதண்ணிக்கு இறங்கி வந்து இரண்டாம் நாள் தொடை கல்லாகிப் படி இறங்க முடியவில்லையாம். ஏறும்போது தொடைத் தசை சுருங்கி நம்மைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே நம் பாரத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். நார்கள் நுண்ணியதாகக் கிழிவது அப்போதுதான். வலி ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போய் இறங்கும். நல்ல செய்தி என்னவென்றால், ஒருமுறை பழகிய தசை அடுத்த தடவை அவ்வளவு நோகாது. அதனால் இறக்கத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக வேண்டும். மாஸ்டர் இறக்கத்தில் அடியைக் குட்டையாக்கி, முழங்காலை லேசாக மடக்கி, சத்தமே கேட்காமல் இறங்குவார். செங்குத்தான இடங்களில் நடப்பார். பின்னால் வரும் இளம் பொடியன்கள் தடதடவென்று தாண்டிப் போவார்கள், அவர் கண்டுகொள்ள மாட்டார்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நாற்பது தாண்டிப் புதிதாகத் தொடங்குகிறவர்கள், பிரஷர், சீனி வருத்தம் உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஓடும்போது நெஞ்சை அழுத்தினாலோ, இடது கைக்கோ தாடைக்கோ வலி பரவினாலோ, தலை சுற்றினாலோ நின்றுவிடுங்கள். நெஞ்சுவலிக்கு வாய்வு என்று சோடா குடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

நாள் முழுக்கக் கொழுந்துக் கூடையோடு ஏறி இறங்குகிறவர்களிடம் போய், காலையில் எழும்பி ஓடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அவர்களுக்கு முதலில் வேண்டியது ஓய்வும் நல்ல சாப்பாடும். கடை, கந்தோர் என்று உட்கார்ந்தே வேலை செய்கிறவர்களுக்கும், தோட்ட வேலையிலிருந்து ஓய்வுபெற்று ஒரேயடியாகத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டவர்களுக்கும்தான் சொல்கிறேன். உழைத்த உடம்பு சும்மா இருக்கத் தொடங்கினால் தசை சீக்கிரம் வற்றும்.

மாஸ்டருக்குப் பிடித்த ஓட்டக்காரர் பௌஜா சிங். பஞ்சாபில் பிறந்து, எண்பது தாண்டித் தீவிரமாக ஓடத் தொடங்கி, 2011இல் ரொறன்ரோவில் 100 வயதில் 42.195 கிலோமீற்றர் மரதனை எட்டு மணித்தியாலம் 11 நிமிடத்தில் முடித்தவர். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. மாஸ்டர் இதைச் சொல்லும்போது குரல் மாறும். பிறப்புப் பதிவு இல்லாமலே வாழ்ந்துபோன தோட்டத்துப் பெரியவர்கள் அவருக்கு நினைவுக்கு வருவார்கள்.

மாஸ்டர் கையில் மணிக்கூடு கட்டுவதில்லை. தூரத்தை வீதியோரத் தூரக் கட்டைகளை எண்ணித்தான் சொல்வார். லயத்து வாசலில் நிற்கிற ஒவ்வொருவரையும் உறவு சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு போவார். அவரோடு ஓடப் பழகிய பிறகு எனக்குத் தூரம் சுமையாகத் தெரிவதில்லை. நோயாளிகளிடம் பேசும்போதும் ஒரு மாற்றம். எதையெல்லாம் செய்யக்கூடாது என்று தொடங்காமல், என்ன செய்ய ஆசை என்று முதலில் கேட்கிறேன்.

அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு, காசல்ரி ஓரமாக அரை மரதன் தூரம், 21 கிலோமீற்றர், அவருடைய வேகத்திலேயே ஓடப்போகிறோம். பழைய மாணவர்கள் சிலர் வருகிறார்கள். முழுத் தூரமும் முடியாதவர்கள் இரண்டு கட்டை கூட வந்தால் போதும் என்று மாஸ்டர் சொல்லியிருக்கிறார், நடந்து வந்தாலும் சரியாம்.