ஹோம்குரோன்: நாற்றங்கால் வீரர்

ஹோம்குரோன் என்ற ஆங்கிலச் சொல் பிறந்த இடம் காய்கறித் தோட்டம். சந்தையில் வாங்காமல் சொந்த மண்ணில் விதைத்து, நீர் ஊற்றி, பறித்துக்கொண்டதைச் சொல்ல வந்த சொல் அது. பிறகு கலைஞர்களுக்கும் விளையாட்டு வீரர்களுக்கும் பரவியது. அமெரிக்க பேஸ்பாலில் அதற்குத் திட்டமான பொருள் உண்டு. ஓர் அணி ஒருவரைப் பள்ளியிலிருந்தோ கல்லூரியிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ இளம் வயதிலேயே சேர்த்துக்கொள்கிறது. தன் கீழ்நிலை அணிகளில் ஆடவிட்டுத் தேற்றுகிறது. பிறகு முதன்மை அணிக்குக் கொண்டுவருகிறது. அப்படி வந்தவர்தான் ஹோம்குரோன் வீரர். வேறோர் அணி உருவாக்கியவரை விலைக்கோ மாற்றுக்கோ பெற்றிருந்தால், அவர் பதினைந்து ஆண்டுகள் ஆடினாலும் இந்தச் சொல்லுக்குள் வரமாட்டார்.

நட்சத்திர ஆட்டக்காரர் ஒருவரின் ஒப்பந்தம் முடியும் ஆண்டு நெருங்கும்போதெல்லாம் அமெரிக்க நகரங்களில் ஒரே கேள்வி எழுகிறது: இவர் நம் ஹோம்குரோன் வீரர், இவருக்கு நீண்டகால ஒப்பந்தம் கொடுக்க வேண்டாமா? அந்தக் கேள்வியின் பாதிக் கனம் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. அதைத் தமிழில் தவறாகச் சொன்னால் கேள்வியே வேறாகிவிடும். அதனால்தான் இந்தச் சொல்லை இவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் கைக்கு வரும் மொழிபெயர்ப்பு ‘உள்ளூர் வீரர்’. அடுத்தது ‘மண்ணின் மைந்தர்’. இரண்டும் பொருந்தாது. ரொனால்ட் அகூனியா வெனிசுவேலாவில் பிறந்தவர். 2014-இல் அட்லாண்டா பிரேவ்ஸ் அணி அவரை ஒரு லட்சம் டாலருக்குச் சேர்த்தது. அவர் அட்லாண்டாவின் மண்ணில் பிறக்கவில்லை. ஆனால் அட்லாண்டாவின் ஹோம்குரோன் வீரர். பிறந்த ஊரும் வளர்த்த அணியும் ஒன்றாக அமைவது அரிது. மினசோட்டா ட்வின்ஸ் அணியின் ஜோ மௌவர் அப்படிப்பட்டவர். பக்கத்து நகரமான செயின்ட் பாலில் பிறந்து, அங்கேயே பள்ளியில் படித்து, 2001-இல், அணிகள் முறைவைத்து இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் வீரர் தேர்வின் முதல் ஆளாக ட்வின்ஸுக்குப் போனார். அவரை ‘மண்ணின் மைந்தர்’ என்று தாராளமாக எழுதலாம். ஆனால் அது அவர் ஊரைச் சொல்கிறது, அவரை ஆக்கிய உழைப்பைச் சொல்லவில்லை.

இங்கிலாந்துக் கால்பந்தில் இதே சொல்லை விதியாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். 21 வயதுக்குள் மூன்று ஆண்டுகள் அந்நாட்டுக் கழகங்களில் பதிவாகியிருந்தால் போதும், எந்த நாட்டவராக இருந்தாலும் ஹோம்குரோன்தான். ஸ்பெயினில் பிறந்த செஸ்க் ஃபாப்ரிகாஸ் அங்கே அந்தக் கணக்கில் வந்தார். ஆக, சொல்லின் உயிர் பிறப்பில் இல்லை, வளர்ப்பில் இருக்கிறது.

அப்படியானால் ‘வளர்ப்பு வீரர்’ என்று சொல்லலாமே? வளர்ப்பு மகன், வளர்ப்புப் பிராணி என்று அந்தச் சொல்லுக்கு வேறு வழக்குகள் ஏற்கெனவே குடியேறிவிட்டன. விட்டுவிடுவோம்.

இனி வருவது ‘பண்ணை’. கீழ்நிலை அணிகளின் அடுக்குக்கு அமெரிக்கர்கள் ஃபார்ம் என்றே பெயர் வைத்திருப்பதால் இது நேரான சொல் போலத் தோன்றுகிறது. அந்த ஏற்பாட்டைப் பெரிய அளவில் கட்டியவர் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியை நடத்திய பிராஞ்ச் ரிக்கி. பணக்கார அணிகளோடு ஏலத்தில் மோத முடியாததால், 1919 முதல் சிறு நகர அணிகளில் பங்கு வாங்கி, இளைஞர்களை மொத்தமாகச் சேர்த்து, அவர்களில் தேறியவர்களை மேலே ஏற்றினார். 1930-களின் இறுதியில் கார்டினல்ஸின் பிடியில் 30-க்கும் மேற்பட்ட கீழ்நிலை அணிகள் இருந்தன. 22 பருவங்களும் அந்த ஓர் அணிக்கே ஆடிய ஸ்டான் மியூசியல் அங்கிருந்து வந்தவர். இன்று ஒவ்வொரு பெரிய அணிக்கும் முழுப் பருவம் ஆடும் நான்கு கீழ்நிலை அணிகள் உண்டு. 30 அணிகளுக்கும் சேர்த்து 120.

ஃபார்ம் என்ற சொல்லின் வேரைத் தோண்டினால் வியப்பு காத்திருக்கிறது. அது தொடக்கத்தில் நிலத்தைக் குறிக்கவில்லை. இடைக்கால லத்தீனில் ஃபிர்மா என்றால் நிலைப்படுத்திய தொகை, அதாவது ஆண்டுதோறும் கட்ட வேண்டிய குத்தகைப் பணம். பணத்தைக் குறித்த சொல் காலப்போக்கில் குத்தகை நிலத்துக்கும், பின்பு எல்லா விளைநிலத்துக்கும் ஆகிவந்தது. உறுதிசெய் என்று பொருள்படும் அதே லத்தீன் வினையிலிருந்துதான் ஸ்பானிய மொழியில் கையொப்பத்தைக் குறிக்கும் ஃபிர்மாவும் வந்தது. டொமினிக்கன் குடியரசில் 16 வயதுப் பையன் ஓர் அமெரிக்க அணியோடு ஒப்பந்தமாவதைச் சொல்லும் சொல்லும் அதன் உறவுதான். பண்ணையும் கையெழுத்தும் குத்தகையும் ஒரே வேரில் கிளைத்தவை. நீண்டகால ஒப்பந்தம் பற்றிய இந்தப் பேச்சுக்கு இதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்காது.

ஆனாலும் தமிழில் ‘பண்ணை வீரர்’ என்று எழுத என் கை வரவில்லை. காரணம் ‘பண்ணையாள்’ என்ற சொல். தலைமுறை தலைமுறையாக ஒரே நிலவுடைமையாளருக்குக் கட்டுப்பட்டு உழைத்தவர்களின் நினைவு அதில் இருக்கிறது. பேஸ்பாலிலும் அப்படியொரு காலம் இருந்தது. 1879-இல் தொடங்கிய ஓர் ஏற்பாட்டின்படி, ஒப்பந்தம் முடிந்த பிறகும் வீரர் அந்த அணிக்கே உரியவர். அணி விற்றால் போக வேண்டும், வைத்துக்கொண்டால் இருக்க வேண்டும். தன்னைக் கேட்காமல் கார்டினல்ஸ் பிலடெல்பியாவுக்கு மாற்றியதை 1969-இல் கர்ட் ஃப்ளட் என்ற வீரர் மறுத்தார். தம் விருப்பத்தைப் பொருட்படுத்தாமல் வாங்கவும் விற்கவும் தாம் ஒரு சொத்து அல்ல என்று பேஸ்பால் ஆணையருக்குக் கடிதம் எழுதினார். 1972-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். அவருடைய ஆட்ட வாழ்வும் முடிந்தது. 1975 டிசம்பரில், வேறு இரு வீரர்களின் வழக்கில், பீட்டர் சைட்ஸ் என்ற நடுவரின் தீர்ப்பால் அந்தத் தளை அறுந்தது. இவ்வளவு போராடிக் கழற்றிய விலங்கை மொழிபெயர்ப்பில் நாம் மறுபடி பூட்டக் கூடாது.

நான் முன்வைக்கும் சொல் ‘நாற்றங்கால்’. நாறு என்ற வினைக்கு மணம் வீசு என்பதோடு முளை, தோன்று என்ற பொருளும் உண்டு. அதிலிருந்து நாற்று, நாற்று நிற்கும் இடம் நாற்றங்கால். நெருக்கமாக விதைப்பார்கள். முளைத்த எல்லாமே வயலுக்குப் போவதில்லை. போகும் நாற்றும் விதைத்த இடத்திலேயே கதிர் விடுவதில்லை. உரிய நாளில் பறித்து, வேறு வயலில் நட்ட பிறகுதான் விளைகிறது. கீழ்நிலை அணிகளின் வேலையை இதைவிடச் சரியாக எப்படிச் சொல்வது? ஆண்டுதோறும் சேர்க்கப்படுபவர்களில் பெரும்பாலோர் முதன்மை அணியின் புல்லை மிதிப்பதே இல்லை. எனவே கீழ்நிலை அடுக்கு நாற்றங்கால். அங்கிருந்து வந்து தேறியவர் நாற்றங்கால் வீரர். வளர்த்தவர் உழைப்பும் தெரிகிறது, வளர்ந்தவர் உயிரும் தெரிகிறது. உடைமை வாடை இல்லை.

உழவர் வீட்டில் பிறந்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். நாற்றைக் காலம் கடந்து நட்டால் முற்றிப்போகும். 2015-இல் சிகாகோ கப்ஸ் அணி கிரிஸ் பிரையன்ட்டைப் பருவத் தொடக்கத்தில் மேலே கொண்டுவராமல் ஏப்ரல் 17 வரை கீழேயே வைத்திருந்தது. முதன்மை அணியில் 172 நாள் இருந்தால் ஓர் ஆண்டுப் பணி. அவர் கணக்கில் வந்தது 171. ஒரே ஒரு நாள் குறைந்ததால், விரும்பிய அணிக்குப் போகும் அவருடைய விடுதலை ஓராண்டு தள்ளிப்போனது. அந்த ஆண்டின் சிறந்த புதுமுகமும், அடுத்த ஆண்டின் மிகச் சிறந்த வீரரும் அவர்தான். 2016-இல் கப்ஸ் 108 ஆண்டுகளுக்குப் பிறகு பட்டம் வென்றபோதும் அவர் அங்கே இருந்தார். அவர் தொடுத்த முறையீடு 2020-இல் தள்ளுபடியானது. 2021 ஜூலையில் அணி அவரை சான் பிரான்சிஸ்கோவுக்கு மாற்றிவிட்டது. ‘நம் வீட்டுப் பிள்ளை’ என்று சொல்லிக்கொண்டே ஒரு நாளை எண்ணிக் கழித்த கதை இது. எனக்கு இதை எழுதும்போதும் மனம் கசக்கிறது.

அந்த ஒரு நாள் ஏன் அவ்வளவு பெரிது? 1976 முதல், முதன்மை அணியில் ஆறு ஆண்டுப் பணி முடிந்த பிறகே வீரர் விரும்பிய அணிக்குப் போகலாம். முதல் மூன்று ஆண்டுகளில் பெரும்பாலோருக்குக் குறைந்தபட்சச் சம்பளமும் அதை ஒட்டிய தொகையும்தான் (2025-இல் அது 7,60,000 டாலர்). அடுத்த மூன்றில் நடுவர் மன்றம் மூலம் உயர்வு கேட்கலாம். ஆக, நாற்றங்கால் வீரர் தம் மிகச் சிறந்த ஆண்டுகளைச் சந்தை விலைக்கு மிகக் கீழே அணிக்குத் தருகிறார். அணி அவருக்குக் கடன்பட்டிருக்கிறது என்ற உணர்ச்சி இங்கிருந்துதான் பிறக்கிறது. அந்த உணர்ச்சியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கடனை அடைக்கும் கருவியா ஒப்பந்தம்?

ஒப்பந்தம் என்பதில் ஒப்பு, அதாவது இசைவு, இருக்கிறது. தெலுங்கிலும் கன்னடத்திலும் இதே சொல் வழங்குகிறது. இரு தரப்பும் இனி வரப்போகும் ஆண்டுகளுக்கு இசைகிறார்கள். கடந்த விளைச்சலுக்காக யாரும் நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பதில்லை.

2008 ஏப்ரலில் டாம்பா பே ரேஸ் அணி, முதன்மை அணிக்கு வந்து ஆறே நாளான இவான் லாங்கோரியாவுக்கு ஆறு ஆண்டு, 1.75 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. அப்போது அது துணிச்சல். அந்த ஆண்டே அவர் சிறந்த புதுமுகம் ஆனார், அணி உலகத் தொடர் என்ற இறுதிப் போட்டிக்குப் போனது. வருமானத்தில் பின்தங்கிய அணி தன் நட்சத்திரத்தை இப்படித்தான் பத்தாண்டு வைத்துக்கொள்ள முடிந்தது. 2019 ஏப்ரலில் அட்லாண்டா இதே வழியில் அகூனியாவுக்கு எட்டு ஆண்டு, 10 கோடி கொடுத்தது; சில நாளில் ஓசி ஆல்பிஸுக்கு ஏழு ஆண்டு, 3.5 கோடி. ஆல்பிஸின் தொகை மிகக் குறைவு என்று அன்றே பலர் வருந்தினார்கள், நானும் அந்தப் பக்கம்தான். காத்திருந்தால் பன்மடங்கு கிடைத்திருக்கும். ஆனால் முறிந்த மூட்டோடு வெறுங்கையாக வீடு திரும்பும் அச்சத்தோடு வளரும் இளைஞனுக்கு உறுதியான பணம் என்பது வெறும் கணக்கு அல்ல.

முன்கூட்டிக் கொடுப்பதில் இடறல் இல்லையா? உண்டு. பிலடெல்பியா ஃபில்லிஸ், முதன்மை அணியில் ஓர் ஆட்டம்கூட ஆடாத ஸ்காட் கிங்கரிக்கு 2018-இல் ஆறு ஆண்டு, 2.4 கோடி கொடுத்தது. அவர் தேறவில்லை. அதே அணி தாமதமாகக் கொடுத்ததையும் பார்க்க வேண்டும். ரயன் ஹோவர்ட் அங்கேயே வளர்ந்தவர், 2006-இல் 58 ஹோம் ரன் (பந்தை எல்லைக்கு வெளியே அனுப்பும் அடி) அடித்தவர், 2008 பட்டத்தின் நாயகர்களில் ஒருவர். 2010-இல், அவருடைய ஒப்பந்தம் முடிய இன்னும் இரண்டு பருவம் கிடக்கையில், 30 வயதான அவருக்கு ஐந்து ஆண்டு, 12.5 கோடி நீட்டிப்பு கொடுத்தார்கள். நீட்டிப்பு தொடங்கவேண்டிய ஆண்டு 2012. 2011 அக்டோபரில், அணியின் கடைசி ஆட்டத்தின் கடைசிப் பந்தில், அவருடைய குதிகால் தசைநாண் அறுந்தது. அதன் பின் அவர் பழைய ஹோவர்ட் இல்லை. இளைஞரிடம் இழந்தது 2.4 கோடி, நன்றிக்காகக் கொடுத்தது அதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல்.

எனவே நாற்றங்கால் வீரருக்கு நீண்டகால ஒப்பந்தம் கொடுக்கலாமா என்றால், இருபதுகளின் தொடக்கத்தில் தாராளமாகக் கொடுக்க வேண்டும் என்பேன். அவர் உடம்பையும் குணத்தையும் வேறெந்த அணியைவிடவும் வளர்த்த அணிக்கே நன்றாகத் தெரியும். முப்பதைத் தாண்டிய பிறகு, அந்த உறவை மறந்து மற்ற எவரையும் எடைபோடுவதுபோல் எடைபோட வேண்டும். இடையில் 27 வயதில் நிற்பவர்தான் கடினம். பாஸ்டன் ரெட் சாக்ஸ் வளர்த்த மூக்கி பெட்ஸை 2020 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸுக்குக் கொடுத்துவிட்டது. ஐந்து மாதத்தில் டாட்ஜர்ஸ் அவருக்கு 12 ஆண்டு, 36.5 கோடி எழுதியது. அந்த ஆண்டும், 2024-லும், 2025-லும் அவரோடு பட்டம் வென்றது. பாஸ்டன் ரசிகர்களின் ஆற்றாமைக்கு என்னிடம் மறுமொழி இல்லை. அவர்கள் சொல்வது சரி.

மௌவரின் கதை, கொடுத்து நொந்ததற்கும் கொடுக்காமல் இழந்ததற்கும் நடுவில் வருகிறது. 2010-இல் எட்டு ஆண்டு, 18.4 கோடி. 2013-இல் தலையில் பட்ட அடியால், மட்டையாளருக்குப் பின்னால் பந்து பிடிக்கும் கேட்சர் இடத்தை விட வேண்டியதாயிற்று. பணத்துக்கேற்ற ஆட்டம் இல்லை என்று ஊரே முணுமுணுத்தது. 2024-இல் அவர் புகழ்க்கூடத்தில் சேர்ந்தபோது அதே ஊர் எழுந்து நின்றது.

வழக்கில் எப்படி எழுதுவது என்பதற்கு ஆல்பர்ட் புஹோல்ஸை எடுத்துக்கொள்ளலாம். 1999 தேர்வில் 13-ஆம் சுற்றில் கார்டினல்ஸ் எடுத்தவர். நாற்றங்காலில் ஒரே ஒரு பருவம்தான் இருந்தார். 2004-இல் ஏழு ஆண்டு, 10 கோடி. 11 பருவங்களில் இரண்டு பட்டம், மூன்று முறை மிகச் சிறந்த வீரர். 2011 முடிவில் ஏஞ்சல்ஸ் அணி பத்து ஆண்டுக்கு 24 கோடி கொடுத்து அழைத்தது. அந்த அளவுக்குப் போக கார்டினல்ஸ் மறுத்தது. ஏஞ்சல்ஸில் அவர் இறங்குமுகம்; 2021 மே மாதம் அவரை விடுவித்தார்கள். மறு ஆண்டு, 42 வயதில், 25 லட்சம் டாலருக்கு செயின்ட் லூயிஸுக்குத் திரும்பி 24 ஹோம் ரன் அடித்து 703-இல் நிறுத்தினார். இங்கே ‘கார்டினல்ஸின் முன்னாள் நாற்றங்கால் வீரர் திரும்பினார்’ என்று எழுதக் கூடாது. முன்னாள் என்ற அடை இந்தச் சொல்லோடு ஒட்டாது. ஏஞ்சல்ஸின் சட்டையில் இருந்த அந்தப் பத்தாண்டிலும் அவர் கார்டினல்ஸின் நாற்றங்கால் வீரர்தான்.