ஆளைக் காணோம், உடலையும் காணோம்

திருநெல்வேலிச் சீமையில் ஓர் ஆள் திடீரென்று ஊரில் தென்படவில்லை என்றால் டீக்கடையில் எழும் முதல் பேச்சு இதுதான்: "எங்கல போயிருப்பான், பம்பாய்க்கு ரயில் ஏறியிருப்பான்." அது வெறும் பேச்சும் இல்லை. வீட்டில் சண்டை போட்டுப் போய், தாராவியிலோ சென்னை மளிகைக்கடையிலோ பல வருடம் இருந்துவிட்டு, ஒரு கோயில் கொடையன்று ஊருக்குள் வந்து நின்றவர்கள் உண்டு. உடல் கிடைக்காத கொலை வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு இந்த ஒரு சந்தேகம் போதும்.

இறந்தது யார், எப்படி, எப்போது என்று ஓர் உடல் பல கேள்விகளுக்குப் பதில் சொல்லும். அதற்கெல்லாம் முன்பாக, ஆள் செத்துத்தான் போனார் என்பதைச் சொல்லிவிடும். உடல் இல்லாதபோது அந்த முதல் கேள்வியே மலையாகிவிடுகிறது. இங்கிலாந்தின் சிப்பிங் கேம்ப்டனில் 1660இல் வில்லியம் ஹாரிசன் என்பவர் காணாமல் போனார். வேலைக்காரர் ஒருவர் கொடுத்த வாக்குமூலத்தை நம்பி, அவரையும் அவருடைய தாயையும் சகோதரரையும் 1661இல் தூக்கிலிட்டார்கள். மறு வருடமே ஹாரிசன் உயிரோடு திரும்பி வந்தார்.

உடல் இருந்தால்தான் தண்டனை என்று நம் சட்டம் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் உடலை அழிக்கத் தெரிந்தவனெல்லாம் தப்பிவிடுவான் என்ற பொருளில், 1991இல் தமிழ்நாட்டு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஏழு ஆண்டு தகவல் இல்லாவிட்டால் இறந்ததாகக் கொள்ளலாம் என்ற விதி சொத்து, இன்சூரன்ஸ் விவகாரங்களுக்கு உதவும். எப்போது இறந்தார், எப்படி இறந்தார் என்பதை அது சொல்லாது. கொலை வழக்கில் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. போலீசிடம் சொன்ன ஒப்புதலை நீதிமன்றம் ஏற்காது. அந்த ஒப்புதலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதைக் காட்டிக்கொடுத்த பகுதி மட்டும் சாட்சியமாகும். பழைய சாட்சியச் சட்டத்தில் இது 27ஆவது பிரிவு. இப்போதைய சட்டத்தில் 23. "ஆற்றில் போட்டேன்" என்று சொல்லி, ஆற்றில் ஒன்றுமே இல்லையென்றால் அந்த வார்த்தைக்கு மதிப்பில்லை. தாமிரபரணி வெள்ளம் புன்னைக்காயல் கடல்வரை இழுத்துப் போயிருக்கலாம். ஆக, உடலோடு சேர்ந்து ஒப்புதலும் போய்விடுகிறது.

அப்புறம்தான் அறிவியல். வளர்ந்த மனித உடலில் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம். அதில் 2 லிட்டருக்கு மேல் போய், சிகிச்சையும் கிடைக்காவிட்டால் பிழைப்பது மிக அரிது. அதனால் தரையில் எவ்வளவு ரத்தம் இருந்தது என்பதே மரணத்துக்குச் சாட்சியாகலாம். கழுவிய பிறகும் டைல்ஸ் இடுக்கில் ரத்தம் தங்கும். லுமினால் என்ற ரசாயனத்தைத் தெளித்தால் ஹீமோகுளோபினில் உள்ள இரும்பின் தூண்டலால் நீலமாய் ஒளிரும். பிளீச்சிங் பவுடரும் துருவும் கூட அப்படி ஒளிரவைக்கும் என்பதால் லுமினாலை மட்டும் நம்ப முடியாது. டிஎன்ஏ பரிசோதனை வேண்டும். இரண்டு துளி ரத்தம் என்றால் விரல் வெட்டுப்பட்டது என்பார்கள்.

துண்டு எலும்பு கிடைத்தால் வேறு சிக்கல். முதுமக்கள் தாழிகள் புதைந்த ஆதிச்சநல்லூர்ப் பக்கம் அஸ்திவாரம் தோண்டும்போது வரும் எலும்பு ஆயிரக்கணக்கான ஆண்டு பழையதாகவும் இருக்கலாம், போன வருடத்ததாகவும் இருக்கலாம். 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனின் அளவைக் கூட்டிவிட்டன. அதற்குப் பின் வளர்ந்த பல்லின் எனாமலில் அந்தக் கூடுதல் பதிந்திருக்கும். பிறந்த ஆண்டையே அதிலிருந்து ஓரளவு கணிக்கலாம். ஆனால் வெள்ளையாக வெந்த எலும்பில் டிஎன்ஏ பெரும்பாலும் மிஞ்சாது.

உடலும் எலும்பும் இல்லாதபோது மிஞ்சுவது மௌனம். போன், ஏடிஎம் கார்டு, ரேஷன் கடைக் கைரேகை எல்லாம் ஒரே நாளில் நின்றுபோனால் அதுவும் ஒரு சாட்சியம். எனக்கு உறுத்துவது இதுதான்: நாலு சிம்கார்டு வைத்திருந்தவரின் மௌனம் சத்தமாகக் கேட்கும். போனே இல்லாமல் ஆடு மேய்த்த கிழவியின் மௌனம் யாருக்கும் கேட்காது. இருக்கும் தடயங்களும் காத்திருப்பதில்லை. பல கேமராக்களில் பழைய காட்சிகள் ஒரு மாதத்துக்குள் அழிந்துவிடும். "ரெண்டு நாள் பாருங்க, வந்துருவாரு" என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் அதில் இரண்டு நாள் போகிறது.

வீட்டிலும் ஒரு தடயம் இருக்கிறது. தாய்வழியாக மட்டும் வரும் ஒருவகை டிஎன்ஏ, செல்லுக்குள் பல பிரதிகளாக இருப்பதால் பழைய எலும்பிலும் தாக்குப்பிடிக்கும். அம்மா இல்லாவிட்டாலும் தாய்மாமனிடம் அதே டிஎன்ஏ இருக்கும், அப்பாவிடம் இருக்காது. அது தாய்வழி உறவை மட்டுமே காட்டும். இந்த ஆள்தான் என்று சுட்ட, அவருடைய சீப்பும் டூத் பிரஷும் வேண்டும். போலீஸ் ஸ்டேஷனுக்கு எல்லோரும் போட்டோ கொண்டு போகிறார்கள். பிரஷ் அதற்குள் குப்பைக்குப் போயிருக்கும்.