முதலில் பட்டியல், அப்புறம்தான் மாற்றம்

"குரோம் உலாவியிலிருந்து எக்ஸ்எஸ்எல்டியை எடுக்கப்போகிறார்களாமே, எக்ஸ்எம்எல் கதை முடிந்ததா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். எக்ஸ்எம்எல் என்பது தகவலை அடையாளக் குறிகளுக்குள் வைத்து எழுதும் ஆவண வடிவம்; எக்ஸ்எஸ்எல்டி அதை வேறு வடிவுக்கு மாற்றும் மொழி. 2025-இல் கூகுள் அப்படி அறிவித்தது உண்மைதான். பாதுகாப்பு ஓட்டைகளைக் காரணம் சொன்னார்கள். எக்ஸ்எஸ்எல்டியை இயக்க குரோமும் சஃபாரியும் நம்பியிருந்த லிப்எக்ஸ்எஸ்எல்டி நிரலை ஆண்டுக்கணக்கில் பெரும்பாலும் ஒரே தன்னார்வலர்தான் பராமரித்துவந்தார். கோடிகளில் புரளும் நிறுவனங்கள் அதற்கு ஒழுங்காகப் பணம் ஒதுக்கியிருந்தால் ஓட்டைகள் இந்த அளவுக்குப் போயிருக்காது என்பது என் கட்சி.

ஆனால் போவது உலாவிக்குள் இருந்த, எக்ஸ்எஸ்எல்டியின் 1999-ஆம் ஆண்டுப் பதிப்புதான். எக்ஸ்எம்எல் எங்கேயும் போகவில்லை. உங்கள் வேர்டு (.docx) கோப்பு ஒன்றை ஜிப் கோப்பாகப் பெயர் மாற்றித் திறந்தால் உள்ளே இருப்பது அதுதான். அப்படிப்பட்ட ஆவணத்தில் மாற்றம் செய்யும் விதத்தைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

எக்ஸ்எம்எல் ஆவணம் ஒரு மரம். கிளையைச் சுட்டிக்காட்டுவது எக்ஸ்பாத். //நூல்[விலை > 200]/தலைப்பு (அதாவது 200-க்கு மேல் விலையுள்ள நூல்களின் தலைப்புகள்) என்று தமிழிலேயே எழுதலாம், வேலை செய்யும். ஒரு மரத்தைப் படித்து வேறொரு மரத்தை உருவாக்குவது எக்ஸ்எஸ்எல்டி. மரத்திடம் கேள்வி கேட்டு விடை பெறும் மொழி எக்ஸ்குவெரி. தரவுத்தளங்களிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்கியூஎல்லை உருவாக்கியவர்களில் ஒருவரான டான் சேம்பர்லினுக்கு இதிலும் பெரும் பங்கு உண்டு. 2007-இல், இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் தரநிலையான எக்ஸ்குவெரியால் கேட்க முடிந்ததே தவிர, இருக்கும் ஆவணத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியவில்லை. அந்த வசதி 2011-இல்தான் தரநிலையாக வந்தது.

ஏன் தனியாக ஒரு தரநிலை? எக்ஸ்குவெரியில் எந்தப் பகுதியை முதலில் கணக்கிடுவது என்பது பெரும்பாலும் இயந்திரத்தின் இஷ்டம். நடுவில் ஆவணம் மாறினால் விடையும் மாறிவிடும். அதனால் மாற்றச் சொல்லும் வரி எதையும் உடனே மாற்றுவதில்லை. "இதை மாற்ற வேண்டும்" என்று ஒரு பட்டியலில் குறித்துவைக்கிறது. கேள்வி முழுவதும் ஓடி முடியும்வரை எல்லோர் கண்ணிலும் பழைய ஆவணம்தான். அப்புறம் பட்டியல் மொத்தமாக நிறைவேறும்.

விளைவு அழகானது. அ நூல் 150 ரூபாய், ஆ நூல் 250 ரூபாய். அ-வின் விலையில் ஆ-வின் விலையைப் போடு, ஆ-வின் விலையில் அ-வின் விலையைப் போடு என்று இரண்டு வரி எழுதுகிறோம். வழக்கமான நிரல்மொழியில் இரண்டுமே 250 ஆகிவிடும். 150-ஐப் பத்திரப்படுத்த மூன்றாவதாக ஒரு மாறி (மதிப்பைத் தற்காலிகமாக வைக்கும் இடம்) வேண்டும். இங்கே எந்த மாறியும் வேண்டாம், விலைகள் சரியாக இடம் மாறிவிடும்.

ஒரே விலையை ஒரு வரி 300 என்றும் இன்னொரு வரி 400 என்றும் மாற்றச் சொன்னால்? கடைசியில் சொன்னவர் ஜெயிப்பதில்லை. பிழை என்று மொத்தமும் நின்றுவிடும், ஆவணம் தொடப்படாமல் இருக்கும்.

நிறைவேற்றும் வரிசையும் யோசித்து வைத்தது: நீக்கல்கள் எப்போதும் கடைசி. ஒரு வரி அ நூலை நீக்கச் சொல்கிறது, இன்னொன்று அதற்கு அடுத்தாற்போல் புது நூலைச் சேர்க்கச் சொல்கிறது என்றால், முதலில் புதியது இடம்பிடிக்கும், அப்புறம்தான் பழையது போகும்.