அறாத கயிறு ஏன் போதாது?

திருகோணமலைப் பக்கம் நிலாவெளியில் இருந்து ஒரு அக்கா போனில் கேட்டார்: "என்ர மகன் போன் டவர் ஏறுற வேலைக்குச் சேர்ந்திருக்கிறான், தம்பி. பெல்ட்டில கொளுவ வள்ளம் கட்டுற நைலோன் கயிறு வாங்கிக் குடுத்தனான். அதைவிட உறுதியான கயிறு இல்லைத்தானே?"

கயிறு உறுதிதான், இலேசில் அறாது. ஆனால் விழுகிற பிள்ளையை அந்த உறுதியே முறித்துவிடும். இதை விளங்கிக்கொள்ள ஒரு சின்னக் கணக்குப் போதும்.

டவர் ஏன் அவ்வளவு உயரம் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். போன் அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகின்றன, பூமியோ வளைந்திருக்கிறது. கரையில் 60 மீற்றர் உயரத்தில் அன்ரெனாவைப் பூட்டினால் கடலில் ஏறக்குறைய 30 கிலோமீற்றர் வரை அதற்குப் பார்வை எட்டும். குச்சவெளிக்கு அப்பால் வலை போடுகிறவரின் போன் அடிக்க வேண்டுமென்றால், யாரோ ஒருவர் அந்த 60 மீற்றரை ஏறி இறங்கியிருக்க வேண்டும்.

அவருக்குக் கால் வழுக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆளும் வேலைக் கருவிகளுமாக 100 கிலோ. கயிறு இறுகுவதற்குள் 2 மீற்றர் விழுகிறார். அதற்கு எடுக்கும் நேரம் 0.64 விநாடி; கத்தக்கூட நேரமில்லை. அப்போது வேகம் மணிக்கு 22 கிலோமீற்றருக்கு மேல், உடலில் சேர்ந்திருக்கும் ஆற்றல் ஏறக்குறைய 2,000 ஜூல். இந்த ஆற்றல் முழுவதும் எங்காவது போய்த்தான் ஆகவேண்டும். எவ்வளவு தூரத்துக்குள் போகிறது என்பதுதான் உயிருக்கும் முதுகெலும்புக்கும் உள்ள கணக்கு. வள்ளக் கயிறு 10 சென்ரிமீற்றர் மட்டும் நீண்டு ஆளை நிறுத்தினால், உடலில் விழும் சராசரி விசை ஏறக்குறைய 2 தொன் எடைக்குச் சமம். அதே ஆளை 70 சென்ரிமீற்றர் தூரத்தில் மெல்ல நிறுத்தினால் 400 கிலோவுக்கும் குறைவு. ஐரோப்பியத் தரநிலை அனுமதிக்கும் உச்சம் 6 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 600 கிலோ எடை.

படகு ஒன்று கரைக்கு வரும்போது இறங்குதுறையில் நின்று பாருங்கள். அனுபவமுள்ளவர் கயிற்றை உடனே இறுக்கிக் கட்டமாட்டார். கட்டையில் ஒரு சுற்றுச் சுற்றி, உராய்ந்து நழுவ விட்டு, விட்டு, கடைசியில்தான் முடிச்சுப் போடுவார். டவர் ஏறுகிறவரின் முதுகில் அதே வேலையைச் செய்கிறது உள்ளங்கை அளவான ஒரு பொதி. வேலைத்தளத்தில் ஷொக் அப்சோபர் என்பார்கள்.

காலாவதியான பொதி ஒன்றை வீட்டில் வெட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரு நீள நாடா, மடித்து மடித்து அடுக்கி, மடிப்புகள் ஒன்றோடொன்று நெருக்கமாகத் தைக்கப்பட்டிருந்தன. அறுந்துபோவதற்கென்றே போட்ட தையல் அது! ஆள் சாய்ந்து நின்று வேலை செய்யும் எடைக்கு அது அசையாது. விழும் உடலின் இழுப்பு வந்தால் முதல் வரிசை அறும், அடுத்தது, அதற்கடுத்தது என்று நாடா விரிந்துகொண்டே போகும். எல்லாத் தையலும் ஒரே வலு என்பதால் தொடக்கத்தில் இருந்து முடிவுவரை விசை ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கிறது. சுருள்வில் என்றால் அப்படியில்லை. நீள நீள அதன் இழுப்புக் கூடி, கடைசியில் உச்சத்துக்குப் போகும். அது வாங்கிய ஆற்றலைத் திருப்பியும் கொடுக்கும். ஆள் மேலே எறியப்பட்டு இரும்பில் அடிபடுவார். அறுந்த நூலோ எதையும் திருப்பிக் கொடுப்பதில்லை. 2,000 ஜூலும் நூல் அறுவதிலும் உராய்வுச் சூட்டிலும் கரைந்துவிடுகிறது. தையல் முழுக்க அறுந்தாலும் ஆள் விழாமல் தாங்க, வலுவான நாடா மிஞ்சியிருக்கும். ஒரு தையல்காரரின் ஊசியால் இவ்வளவு பௌதிகத்தைச் சொல்ல முடியும் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

இதற்கு இடம் வேண்டும். நாடாவின் நீளம், அது விரியும் தூரம், ஆளின் உயரம் எல்லாம் சேர்த்தால் கொளுக்கி மாட்டிய இடத்துக்குக் கீழே ஏறக்குறைய 6 மீற்றர் வெளி தேவை. கொளுக்கி இரண்டு வேண்டும். ஒன்று கம்பியில் மாட்டியிருக்கும்போதுதான் மற்றதைக் கழற்றலாம். விழுந்தவரைத் தொங்கவிட்டு வேடிக்கை பார்க்கவும் கூடாது. அசையாமல் தொங்கினால் இரத்தம் காலில் தேங்கி மயக்கம் வரும், சில நிமிடங்களில் இறக்கியாக வேண்டும்.

எங்கள் கரையில் இன்னொரு எதிரியும் உண்டு. கச்சான் காலத்து வெயில் நைலோனையும் பொலியெஸ்ரரையும் மெல்ல மெல்லத் தின்னும். உப்புப் பளிங்குகள் நாருக்குள் புகுந்து அரம்போல அராவும். திருகோணமலை வெயிலில் ஒரு நாடா எத்தனை மாதத்தில் எவ்வளவு வலு இழக்கிறது என்பதை இங்கேயே, எங்கள் மாணவர்களைக் கொண்டு அளக்கவேண்டும். ஒரு மணல் மூட்டை, ஒரு விசைமானி, உயரமான ஒரு சட்டகம், இவ்வளவும் போதும். கோடிக்கணக்கில் பணம் கேட்கும் ஆய்வல்ல இது. இதற்கு நிதி ஒதுக்கச் சொல்லி நான் யாரிடமும் கேட்பேன்.

ஏறுமுன் டவர் காலில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டுகிறார்கள். பயத்தோடு ஏறுகிறவனின் மன ஆறுதலில் நான் கைவைக்கமாட்டேன். ஆனால் ஒருவன் விழுந்த பிறகு "அவன்ர விதி" என்று சொல்வதை என்னால் ஏற்கவே முடியாது. நிறையும் உயரமும் நிறுத்தும் தூரமும் தெரிந்த கணக்கு அது. முன்கூட்டியே போட்டிருக்கலாம்.

அக்காவிடம் சொன்னேன்: "கயிற்றை வள்ளத்துக்கே குடுங்கோ. மகன்ர பெல்ட்டில முதுகு வளையத்துக்குப் பக்கத்தில அந்தப் பொதி இருக்குதோ எண்டு பாருங்கோ. லேபிள்ல திகதி இருக்கும், வாசியுங்கோ. உறை கிழிஞ்சு உள் நாடா தெரிஞ்சாலோ, முந்தி ஒருக்கா ஆரும் அதில விழுந்திருந்தாலோ, அதோட ஏற விடாதேங்கோ. அது ஒரு தரத்துக்குத்தான்."

"ஞாயிற்றுக்கிழமை வீட்டை வருவான்," என்றார். "பெல்ட்டையும் கொண்டுவரச் சொல்லுறன்."