பிரேக்கர் ஆஃப் ஆனால் போதுமா?

33,000 வோல்ட்டை 11,000 ஆகக் குறைக்கும் ஒரு 33/11 கேவி துணைமின் நிலையத்தில், மின்சாரத்தைத் துண்டிக்கும் பெரிய சுவிட்சான பழைய 11 கேவி பிரேக்கரைக் கழற்றிப் புதியதை மாட்டப் போகிறார்கள். அதை ஆஃப் செய்துவிட்டு ஸ்பேனரை எடுக்கலாமா? கூடவே கூடாது.

இன்று பெரும்பாலும் இருப்பவை வேக்குவம் பிரேக்கர்கள். மூடிய குடுவைக்குள், வெற்றிடத்தில் காண்டாக்ட்கள் (தொட்டு விலகும் உலோக முனைகள்) சில மில்லிமீட்டர்தான் விலகுகின்றன. அதைக் கண்ணால் பார்க்க வழியில்லை. மூன்று பேஸ்களில் (மின்சாரம் வரும் மூன்று கம்பிகளில்) ஒன்றில் மட்டும் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டாலும் வெளியே 'ஆஃப்' என்றே காட்டக்கூடும்.

அதனால்தான் பிரேக்கருக்கு இருபுறமும் ஐசொலேட்டர் என்ற கத்தி போன்ற சுவிட்சை வைக்கிறார்கள். அதன் பிளேடு விலகி நிற்பது தரையிலிருந்தே தெரியும். ஆனால் ஆர்க்கை (காற்றில் பாயும் மின்பொறியை) அணைக்கும் சக்தி அதற்கு இல்லை. எனவே முதலில் பிரேக்கர், அப்புறம் லைன் பக்க (வெளியே போகும் கம்பியின் பக்க) ஐசொலேட்டர், கடைசியில் பஸ் பக்க (எல்லா லைன்களுக்கும் மின்சாரம் தரும் பொதுக் கம்பியின் பக்க) ஐசொலேட்டர். தப்பான பிரேக்கரை ஆஃப் செய்திருந்தால், ஐசொலேட்டரைத் திறக்கும்போது லைன் பக்கத்தில் எழும் ஆர்க்கை, இன்னும் ஆனில் இருக்கும் அந்த ஃபீடரின் (வெளியே போகும் லைனின்) பிரேக்கரே டிரிப் ஆகித் துண்டிக்கும். பஸ் பக்கத்தில் எழுந்தால் பஸ் முழுவதும் சப்ளை போய்விடும்.

இதற்குப் பிறகும் பஸ் பக்க ஐசொலேட்டரின் ஒரு முனையில் 11,000 வோல்ட் இருக்கிறது. வேலை செய்பவருக்குப் போதிய இடைவெளி கிடைக்காவிட்டால் அந்த பஸ் பகுதியையே டெட் ஆக்க வேண்டும்.

மின்சாரம் பின்வழியாகவும் வரும். வாடிக்கையாளரின் ஜெனரேட்டரை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். நான் அதிகம் பயப்படுவது பி.டி. எனப்படும் பொட்டென்ஷியல் டிரான்ஸ்பார்மருக்குத்தான். 11,000 வோல்ட்டை 110 ஆகக் குறைக்கும் அந்தச் சின்ன டிரான்ஸ்பார்மரின் செகண்டரியில் (குறைந்த வோல்ட் பக்கத்தில்) எங்கிருந்தாவது 110 வோல்ட் ஏறினால், மறுபக்கம் நூறு மடங்காகிவிடும். செகண்டரி ஃப்யூஸையும் கழற்றியாக வேண்டும்.

பிறகு டெஸ்டர். மின்சாரம் உள்ள இடத்தில் அது வேலை செய்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும், பிறகு இங்கே, மறுபடியும் அங்கே. நடுவில் டெஸ்டரே பழுதாகியிருக்கலாம் அல்லவா?

அடுத்து இருபுறமும் எர்த் ராடு, அதாவது லைனைப் பூமியோடு இணைக்கும் வயர் பூட்டிய கோல். முதலில் எர்த் முனையை இறுக்கிய பிறகே கம்பியில் மாட்ட வேண்டும். மாற்றிச் செய்தால், லைனில் மின்சாரம் இருந்தால் கையிலுள்ள வயர் வழியே வந்துவிடும். கழற்றும்போது முதலில் கம்பியிலிருந்து.

பிரேக்கருக்குள் முறுக்கி வைத்த ஸ்பிரிங்கும் இருக்கிறது. சப்ளையே இல்லாவிட்டாலும் அது விரலை நசுக்கிவிடும். அதன் மோட்டார் சப்ளையை எடுத்துவிட்டு, ஒருமுறை ஆன், ஆஃப் செய்து ஸ்பிரிங்கைத் தளர்த்த வேண்டும்.

இவ்வளவும் முடிந்து, கைப்பிடிகளில் பூட்டுப் போட்ட பிறகுதான் எல்.சி. (லைன் கிளியர், அதாவது வேலை செய்ய அனுமதிச் சீட்டு) எழுதிக் கொடுப்பார்கள். வேலை முடிந்ததும் அதை வாங்கியவரே ஆட்களை எண்ணிப் பார்த்து, எர்த் ராடுகளை எடுத்துவிட்டு, தன் கையால் திருப்பிக் கொடுக்க வேண்டும்.